சாக் பொடி பிடிக்குமா, வழுக்குமா?

கடப்பாரையைத் தூக்கும் முன் உள்ளங்கையில் எச்சில் துப்பித் தேய்த்துக்கொள்ள நம் பக்கத்தில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. கீழ்பென்னாத்தூர் சுற்றுவட்டாரத்தில் கிணறு வெட்டியவர்கள், வரப்பு கழிப்பவர்கள், கரும்பு வெட்டப் போகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். கை வறண்டிருந்தால் பிடி நிற்காது, கொஞ்சம் ஈரம் வேண்டும் என்பது அவர்கள் கை அறிந்த கணக்கு.

பாறை ஏறுபவர்களின் கணக்கு நேர் எதிரானது. இடுப்பில் தொங்கும் சிறு பைக்குள் கையை விட்டு, வெள்ளைப் பொடியைப் பூசி, ஈரம் போன பிறகுதான் பாறையைத் தொடுவார்கள். ‘சாக்’ என்று சொன்னாலும் இது பள்ளிக்கூடச் சாக்பீஸ் இல்லை, மெக்னீசியம் கார்பனேட். பளு தூக்குபவர்களும் ஜிம்னாஸ்டிக் வீரர்களும் கையில் பூசிக்கொள்ளும் அதே பொடி.

ஒருவர் கையை நனைக்கிறார், இன்னொருவர் உலர்த்துகிறார். இரண்டு பேருக்கும் வேண்டியது நழுவாத பிடி. இருவர் சொல்வதும் எப்படிச் சரியாகும்?

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையில் கீழ்பென்னாத்தூரைத் தாண்டினால், உருண்டைப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும் குன்றுகள் வரத் தொடங்கும். ஆடு மேய்க்கும் பிள்ளைகள் எந்தப் பொடியும் இல்லாமல் அவற்றில் ஏறி இறங்குவார்கள். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஏறுதல் முதல்முறையாகப் பதக்கப் போட்டியானது. அதைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு ஒரு பிளஸ் ஒன் மாணவன் தன் உடற்கல்வி ஆசிரியரிடம் வந்து நிற்கிறான் என்று வைத்துக்கொள்வோம்.

“சார், சாக் போட்டா இன்னும் வழுக்கும்னு ஆராய்ச்சியே சொல்லுது சார்.”

“எந்த ஆராய்ச்சிடா?”

ஆசிரியர் எரிச்சலில்கூட இப்படிக் கேட்டிருக்கலாம். ஆனால் ஒரு பயிற்சியாளர் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

மாணவன் சொன்னது பொய்யில்லை. 2001இல் விளையாட்டு அறிவியல் இதழ் ஒன்றில் லீ, மார்கெட்ஸ், ஃபௌலர் என்ற மூவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை வந்தது. ஏறுபவர்களுக்குச் சாக் இன்றியமையாததா, அல்லது வெறும் நம்பிக்கையா என்று தலைப்பிலேயே கேட்டிருந்தார்கள். அவர்கள் கண்ட விடை: சாக் பூசினால் உராய்வு குறைகிறது. பொடித் துகள் அத்தனையையும் தட்டி அகற்றுவது நல்லது, விரலை உலர்த்த வேறு வழி தேடுங்கள் என்று பரிந்துரையும் செய்தார்கள்.

பதினோரு ஆண்டு கழித்து, 2012இல், அம்ஜா என்பவரும் அவருடைய குழுவினரும் விளையாட்டு உயிர்விசையியல் இதழ் ஒன்றில் இன்னொரு கட்டுரை வெளியிட்டார்கள். சாக் பூசினால் உராய்வு சுண்ணாம்புக்கல்லில் 18.7 சதவீதமும் மணற்கல்லில் 21.6 சதவீதமும் கூடுகிறது என்றது அது. ஏறுபவர்களின் நம்பிக்கை உண்மைதான் என்று முடித்தார்கள்.

இரண்டுமே துறை வல்லுநர்கள் சரிபார்த்து வெளியிட்ட கட்டுரைகள். முடிவுரையை மட்டும் படித்தால், ‘இந்த விஞ்ஞானிகள் இன்று ஒன்று சொல்வார்கள், நாளை ஒன்று சொல்வார்கள்’ என்ற சலிப்புதான் மிஞ்சும். ஆய்வுக் கட்டுரையைப் பின்பக்கத்திலிருந்து படிப்பதால் வரும் சலிப்பு இது. ஆய்வுமுறை என்ற தலைப்பில் பொடி எழுத்தில் ஒரு பகுதி இருக்கும். பெரும்பாலோர் தாண்டிப் போகும் அந்தப் பகுதியில்தான் கட்டுரையின் உயிர் இருக்கிறது. முதலில் அதைப் படியுங்கள்.

அதற்கு முன் ஒரு சொல் தெரிந்திருக்க வேண்டும்: உராய்வுக் கெழு. பள்ளிப் பாடத்தில் வந்ததுதான். ஒரு கல்லின் மேல் கையை 10 கிலோ எடையளவுக்கு அழுத்துகிறீர்கள். அந்தக் கை நழுவ 6 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டியிருக்கிறது என்றால், ஆறைப் பத்தால் வகுக்க வருவது 0.6. இந்த எண் பெரிதாக இருந்தால் பிடி நல்ல பிடி.

2001 ஆய்வில் இந்த எண்ணை எப்படி எடுத்தார்கள்? பதினைந்து பேர். தட்டையாக்கிய ஒரு கல்லை விரல் நுனிகளால் அழுத்திப் பிடிக்க வேண்டும். கல்லை ஒரு விசை இழுக்கும். கல் மூன்று வகை: மணற்கல், கருங்கல், சிலேட்டுக்கல். கை ஈரமாக, உலர்ந்து, சாக்கோடு, சாக் இல்லாமல் என்று மாற்றி மாற்றிச் சோதித்தார்கள். 2012 ஆய்விலோ அனுபவமுள்ள ஏறுநர்கள் பதினோரு பேர், 42 சோதனை அமர்வுகள். பிடிகள் பொருத்திய பலகையில் அவர்கள் உண்மையிலேயே தொங்கினார்கள். பலகையின் சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனார்கள். கை நழுவிய கணத்தில் பலகை எந்தக் கோணத்தில் நின்றது என்பதை ஒரு கைரோஸ்கோப் உணரி பதிந்தது. அந்தக் கோணத்திலிருந்து உராய்வுக் கெழுவைக் கணக்கிட்டார்கள்.

இப்போது இரண்டும் ஒன்றையொன்று மறுக்கும் கட்டுரைகளாகத் தெரிகின்றனவா? ஒன்றில் கல் நழுவுகிறது, மற்றொன்றில் மனிதன் நழுவுகிறான். ஒன்றில் அழுத்தும் அளவு விரலின் விருப்பம், மற்றொன்றில் உடலின் எடை. முன்னதில் கருங்கல் உண்டு, பின்னதில் இல்லை. செஞ்சிப் பக்கத்துக் கருங்கல் குன்றுகளில் ஏறுபவருக்கு இந்தக் கடைசி வேறுபாடு சின்ன விஷயம் இல்லை.

முதல் கட்டுரையில் என் கண்ணில் உறுத்துவது இன்னொன்று. கை ஈரமாக இருந்தாலும் உலர்ந்திருந்தாலும் உராய்வில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு தெரியவில்லை என்கிறார்கள். மழை பெய்த மறுநாள் பாறையைத் தொட்டுப் பார்த்த எவரும் புருவம் உயர்த்துவார்கள். அதற்காக அந்த ஆய்வு தப்பென்று ஒதுக்க வேண்டியதில்லை. அங்கே அளக்கப்பட்ட நிலைமையும் நாம் ஏறும் நிலைமையும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று அந்த இடம் காட்டிக்கொடுக்கிறது, அவ்வளவுதான். இரண்டாவது கட்டுரைக்கும் அதே கேள்வியைப் போடலாம். குளிரில் பிடி நன்றாக நிற்கும் என்பது ஏறுபவர்களின் உறுதியான நம்பிக்கை. ஆனால் வெப்பத்துக்கோ காற்றின் ஈரப்பதத்துக்கோ உராய்வோடு தொடர்பு எதுவும் அந்த ஆய்வில் தென்படவில்லை. காலநிலையின் விளைவை அறிய வேறு காரணிகளையும் பார்க்க வேண்டும் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். இப்படித் தன் குறையைத் தானே சொல்லும் வரி ஒரு கட்டுரையில் இருந்தால் எனக்கு அதன் மேல் நம்பிக்கை கூடும்.

சரி, எச்சிலும் சாக்கும் எப்படி ஒத்துப்போகும்? தோலைப் பற்றிய வேறொரு துறை ஆய்வுகள் இங்கே உதவுகின்றன. மேற்பரப்பின் பரப்பளவைப் பொறுத்து உராய்வு மாறாது என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்போம். மரக்கட்டைக்கும் இரும்புக்கும் அது பெரும்பாலும் பொருந்தும். தோலுக்குப் பொருந்தாது. தோலின் மேலடுக்கு கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. வறண்டிருந்தால் அது விறைப்பாக இருக்கும். கல்லின் மேடுகளை மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். சிறிது ஈரம் ஏறினால் இளகி, கல்லின் பள்ளங்களுக்குள்ளும் இறங்கி உட்காரும். உண்மையில் தொடும் இடம் கூடக் கூட உராய்வும் கூடும். ஈரம் இன்னும் ஏறினால், தோலுக்கும் கல்லுக்கும் நடுவே நீர்ப்படலம் உருவாகி, உராய்வு மறுபடி இறங்கும். படம் வரைந்தால் ஏறி இறங்கும் ஒரு வளைவு கிடைக்கும். பெல்ஜியத்தைச் சேர்ந்த ஆந்த்ரே, லெஃபேவ்ர், தோனார் ஆகியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் வியப்பானது: ஒரு பொருளைப் பற்றித் தூக்கிக்கொண்டிருக்கும்போது விரல் நுனியின் ஈரம், உராய்வு உச்சத்தில் இருக்கும் அளவை நோக்கியே நகர்கிறது. நம் வியர்வைத் துளைகள் சும்மா இருக்கவில்லை.

வெயிலில் காய்ந்து காய்ப்பேறிய உள்ளங்கை அந்த வளைவின் வறண்ட பக்கத்தில் இருக்கிறது. எச்சில் அதை உச்சத்தை நோக்கித் தள்ளுகிறது. பயத்திலும் உழைப்பிலும் வியர்த்துக் கொட்டும் ஏறுநரின் விரல் மறுபக்கத்தில் இருக்கிறது. சாக் அதைத் திரும்ப இழுத்து வருகிறது. ஏற்கெனவே உலர்ந்த விரலில் சாக் பூசினால் தோல் மேலும் விறைக்கும், துகள்களும் நடுவே உருளும். 2001 கட்டுரை தன் முடிவுக்குச் சொன்ன இரண்டு காரணங்களும் இவைதான். ஆக, இரண்டு கட்டுரைகளும் வளைவின் வேறுவேறு இடங்களில் நின்று அளந்திருக்கக்கூடும் என்பது என் கணிப்பு. கணிப்பு என்று அழுத்திச் சொல்கிறேன். ஒரே ஆய்வில், ஒரே கல்லில், கையின் ஈரத்தைப் படிப்படியாக மாற்றிச் சாக்கைச் சோதித்தால்தான் அது முடிவாகும்.

2016இல் கில்காஸ் குழுவினரின் கட்டுரை இன்னொரு கோணத்தில் வந்தது. அவர்கள் உராய்வோடு நிற்கவில்லை. எவ்வளவு நேரம் தொங்க முடிகிறது என்று பார்த்தார்கள். சாக் இல்லாமல் சராசரியாக 49 நொடி அளவுக்கு நின்றவர்கள், சாக்கோடு 63 நொடி அளவுக்கு நின்றார்கள். ஆனால் ஏறும்போது உடல் நகர்ந்த பாதையிலோ தசைகளின் மின் அலைகளிலோ வேறுபாடு தென்படவில்லை. உராய்வுக் கெழு, தொங்கும் நேரம், ஏறும் விதம் மூன்றும் மூன்று கேள்விகள். மாணவனுக்கு வேண்டியது எது? நழுவாமல் மேலே போவது. அதற்கு மிக அருகில் எதை அளந்தார்களோ அந்தக் கட்டுரைக்குத்தான் அவன் முதலிடம் கொடுக்க வேண்டும்.

இதுவரை எத்தனை பேர் என்ற எண்ணை அப்படியே கடந்து வந்துவிட்டோம். பதினைந்து, பதினொன்று. இது போதுமா?

செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை வந்து இறங்கும்போது வியாபாரி மூட்டை முழுவதையும் உடைத்துப் பார்ப்பதில்லை. உள்ளே கையை விட்டு ஒரு பிடி அள்ளுகிறார், உடைக்கிறார், பருப்பு எவ்வளவு தேறுகிறது என்று பார்க்கிறார், மொத்த மூட்டைக்கும் விலை சொல்லிவிடுகிறார். அந்த ஒரு பிடி மூன்று வழியில் ஏமாற்றும். பிடி சின்னதாக இருந்தால் நாலு பொக்குக் காய் தற்செயலாகக் கையில் சிக்கி, நல்ல மூட்டையும் கெட்டதாகத் தெரியும். பெரிய பிடியாக இருந்தாலும், மேலாக மட்டும் அள்ளினால் மேலே பரப்பிவைத்த நல்ல காய்தான் கையில் வரும். மூன்றாவது, மானாவாரிக் காயை உடைத்துப் பார்த்துவிட்டு இறவைக் காயின் மூட்டைக்கு விலை வைக்கக் கூடாது.

ஆய்வில் கலந்துகொண்டவர்களும் அந்த ஒரு பிடிதான். ஆய்வாளர்கள் அதைக் கூறு என்பார்கள். எவா லோபஸும் கொன்சாலெஸ்-படியோவும் 2019இல் வெளியிட்ட விரல்பலகை ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். விரல்பலகை என்பது விரல் நுனி மட்டும் பதியும் மெல்லிய விளிம்புகள் கொண்ட பலகை. அதில் தொங்கி விரல் வலிமையைக் கூட்டுவார்கள். 26 ஏறுநர்களை மூன்று குழுவாகப் பிரித்து எட்டு வாரம் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு குழு உடலில் கூடுதல் எடை கட்டி 18 மில்லிமீட்டர் விளிம்பில் தொங்கி, பிறகு தாங்க முடிந்த மிகச் சிறிய விளிம்புக்குப் போனது. இரண்டாவது குழு விட்டு விட்டுத் தொங்கியது. மூன்றாவது குழு பாதிக் காலம் அப்படி, பாதிக் காலம் இப்படி. முடிவில் பிடியின் தாங்குதிறன் முதல் குழுவில் 34 சதவீதம், இரண்டாவதில் 45, மூன்றாவதில் 7 கூடியிருந்தது.

‘நாற்பத்தைந்துதான் பெரிது, எல்லோரும் விட்டு விட்டுத் தொங்குங்கள்’ என்று ஒரு பயிற்சியாளர் உடனே அறிவித்துவிடலாம். பொறுமை வேண்டும். குழுவுக்கு எட்டு ஒன்பது பேர். அதில் ஒருவருக்கு அந்த வாரம் காய்ச்சல், ஒருவருக்குப் புது உற்சாகம் என்றாலே சராசரி ஆடும். அதனால்தான் சதவீதத்தோடு நிற்காமல் விளைவளவு என்ற எண்ணையும் தருகிறார்கள். ஆளுக்கு ஆள் இயல்பாகவே இருக்கும் ஏற்றத்தாழ்வோடு ஒப்பிட்டால் இந்த முன்னேற்றம் எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லும் எண் அது. 34க்கு 0.6, 45க்கு 1, 7க்கு 0.1. முதல் இரண்டும் உருப்படியான மாற்றம். மூன்றாவது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. முதல் இரண்டில் எது மேல் என்று அடித்துச் சொல்ல எட்டு ஒன்பது பேர் கொண்ட குழுக்கள் போதாது. மூன்று குழுக்களுமே பலகையில் தொங்கியவர்கள்தான் என்பதையும் கவனியுங்கள். பலகையே தேவையா, பாறையில் ஏறினாலே போதாதா என்று கேட்பவருக்கு இந்தக் கட்டுரையில் பதில் இல்லை. அவர்கள் அதைக் கேட்கவே இல்லை.

அதைவிட முக்கியம் மூட்டை எது என்பது. அந்த 26 பேரும் பிரெஞ்சுத் தர அளவையில் சராசரியாக 7சி+/8ஏ ஏறுபவர்கள்; பல ஆண்டு விரலைப் பழக்கியவர்கள். நம் பிளஸ் ஒன் மாணவன் அந்த மூட்டையைச் சேர்ந்தவன் இல்லை. பதினாறு வயதுக்குள் விரல் எலும்பின் முனையருகே வளர்ச்சித் தட்டு என்ற மென்மையான பகுதி மூடாமல் இருக்கும். கடுமையான விரல் பயிற்சி செய்யும் பதின்வயது ஏறுநர்களுக்கு அங்கே முறிவு ஏற்படுவதை, குறிப்பாக நடுவிரலின் நடுமூட்டில், ஐரோப்பிய மருத்துவர்கள் பலமுறை பதிவு செய்திருக்கிறார்கள். மோரிசனும் ஷோஃப்லும் 2007இல் பிரிட்டிஷ் விளையாட்டு மருத்துவ இதழில் இளம் ஏறுநர்கள் பற்றி எழுதிய தொகுப்புரையும் பதினாறு வயதுக்குக் கீழே தீவிர விரல் பயிற்சி வேண்டாம் என்கிறது. ஒரு பயிற்சியாளர் ஒரே ஒரு கட்டுரைதான் படிக்க முடியுமென்றால், 45 சதவீதக் கட்டுரையை விட்டுவிட்டு இதைப் படிக்கட்டும்.

குழுக்களை யார் பிரித்தது என்பது அடுத்த கேள்வி. ‘விருப்பமுள்ளவர் இந்தப் பக்கம் வாருங்கள்’ என்று பிரித்தால், ஆர்வமும் உடல்வலுவும் உள்ளவர்கள் ஒரே பக்கம் சேர்ந்துவிடுவார்கள். அதைத் தவிர்க்கச் சீட்டுக் குலுக்கிப் பிரிப்பதைத் தற்செயல் ஒதுக்கீடு என்கிறார்கள். உலக மருத்துவத்தில் இதற்குப் பெயர்பெற்ற சோதனைகளில் ஒன்று நம் சென்னையில் நடந்தது. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம் 193 நோயாளிகளைத் தற்செயலாக இரண்டாகப் பிரித்தது. ஒரு பிரிவினருக்கு நல்ல உணவும் ஓய்வும் உள்ள சானடோரியத்தில் சிகிச்சை. மற்றவர்களுக்கு அதே மருந்து, ஆனால் நெரிசலான தங்கள் வீட்டிலேயே. 1959இல் முடிவு வந்தபோது வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமாகியிருந்தார்கள். சானடோரியம் இல்லாமல் காசநோய் தீராது என்ற பழைய நம்பிக்கை அதோடு ஆட்டம் கண்டது. நோயாளிகளை அவரவர் வசதிப்படி பிரித்திருந்தால் இந்த முடிவை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். லோபஸின் 26 பேரும் தற்செயலாகப் பிரிக்கப்பட்டவர்களே.

சில கேள்விகளுக்குச் சீட்டுக் குலுக்க முடியாது. திருவண்ணாமலைக் கிரிவலம் 14 கிலோமீட்டரும் வெறுங்காலோடு நடக்கும் பக்கம் இது என்பதால் ஓர் உதாரணம். 1992இல் ராவும் பெஞ்சமின் ஜோசஃபும் 2,300 சிறுவர்களின் பாதத் தடங்களை ஆராய்ந்தார்கள். செருப்போ காலணியோ அணிபவர்களில் 8.6 சதவீதத்தினருக்குத் தட்டைப் பாதம்; வெறுங்காலோடு திரிபவர்களில் 2.8 சதவீதம்தான். கூறு பெரியது, வேறுபாடும் பெரியது. ஆனால் யார் செருப்பணிவது என்பதைச் சீட்டு தீர்மானிக்கவில்லை, குடும்பம் தீர்மானித்தது. செருப்போடு சேர்ந்து வசதி, உணவு, உடல் எடை, விளையாடும் இடம் எல்லாம் மாறியிருக்கலாம். இவ்வகை ஆய்வு சேர்ந்திருப்பதைக் காட்டும். காரணம் எது என்று கைகாட்டத் தயங்கும். சிறு பிள்ளைகளுக்கு விரல் நெரியும் ஏறுகாலணி வாங்கும் முன் பெற்றோர் யோசிக்க இதுவே போதும் என்பது என் எண்ணம். ஆனால் ‘காலணி பாதத்தைத் தட்டையாக்கும் என்று நிரூபணமாகிவிட்டது’ என்று மேடையில் பேச இது போதாது.

தூளும் மாத்திரையும் விற்பவர்கள் காட்டும் கட்டுரைகளைப் பற்றி ஒரு வார்த்தை. விரல் தசைநார் காயத்துக்கு ஜெலட்டினும் வைட்டமின் சி-யும் நல்லது என்று ஏறுநர்கள் மத்தியில் பரவலாகப் பேசப்படுகிறது. அதன் வேர் 2017இல் வந்த ஒரு கட்டுரை. எட்டு ஆண்கள் 5 கிராம், 15 கிராம் ஜெலட்டினையும், ஜெலட்டின் இல்லாத போலிக் கலவையையும் வேறுவேறு முறை குடித்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து ஆறு நிமிடம் கயிறு தாண்டினார்கள். 15 கிராம் குடித்தபோது, கொலாஜன் உருவாவதைக் காட்டும் ஒரு பொருள் இரத்தத்தில் இரண்டு மடங்கானது. ஆய்வு கவனமாகச் செய்யப்பட்டதுதான். ஆனால் அங்கே யாருக்கும் விரலில் காயம் இல்லை, யாரும் பாறை ஏறவில்லை, யாருடைய காயமும் சீக்கிரம் ஆறியதாக அளக்கவில்லை. இரத்தத்தில் ஒரு குறி ஏறுவதற்கும் விரல் ஆறுவதற்கும் நடுவே நீண்ட வழி இருக்கிறது. கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் பணம் கொடுத்தது யார் என்று இருக்கும் வரியையும் பார்த்துவிடுங்கள்.

இந்தக் கட்டுரைகள் எல்லாம் எங்கே கிடைக்கும்? கூகுள் ஸ்காலரிலும் பப்மெடிலும் தலைப்பும் சுருக்கமும் இலவசம். தேட ஆங்கிலச் சொற்கள் வேண்டும். அது நம் குறை இல்லை, நிலவரம். ஒரு நல்ல கட்டுரை கிடைத்தால் அதை மேற்கோள் காட்டிய பிற்காலக் கட்டுரைகள் எவை என்று கூகுள் ஸ்காலர் பட்டியலிடும். 2001இலிருந்து 2012க்கு அந்த ஒரு சொடுக்கில் வந்துவிடலாம். மாணவன் அதைச் செய்திருந்தால் சாரிடம் வேறு மாதிரி பேசியிருப்பான். முழுக் கட்டுரை பணம் கேட்டால், முதல் பக்கத்தில் ஆய்வாளரின் மின்னஞ்சல் இருக்கும். இரண்டு வரி எழுதிக் கேட்டால் பலர் மகிழ்ச்சியோடு அனுப்புவார்கள். 2025 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம், அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்கு ஏறக்குறைய 13,000 இதழ்களைத் திறந்துவிட்டிருக்கிறது. அரசுக் கல்லூரியில் படிக்கும் அண்ணனோ அக்காவோ இருந்தால் கேளுங்கள். காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் இதழ்களும் பெருகியிருக்கின்றன. பப்மெட் போன்ற பட்டியலில் இல்லாத, பெயர் தெரியாத இதழில் வந்த அதிசய முடிவைக் கொஞ்சம் தள்ளியே வைக்கலாம்.

எல்லாம் படித்த பிறகும் நம் கருங்கல், நம் வெயில், நம் கை என்ற கேள்வி மிச்சமிருக்கும். அதை ஆசிரியரும் மாணவனுமே சோதிக்கலாம். எத்தனை நொடி தொங்க முடிகிறது என்று பார்க்க வேண்டும். பிடி ஒன்றே, சோதிக்கும் வேளையும் ஒன்றே. ஒவ்வொரு முறையும் சாக்கா, சாக் இல்லையா என்பதை நாணயம் சுண்டித் தீர்மானிக்க வேண்டும். இல்லாவிட்டால் களைப்பு வரும் கடைசி முறைகளெல்லாம் ஒரே பக்கம் போய்விடும். நடுவே விரல் ஆற நல்ல இடைவெளி. எத்தனை நொடி வேறுபாடு வந்தால் ‘உண்டு’ என்று சொல்வோம் என்பதைத் தொடங்கும் முன்பே நோட்டில் எழுதிவிட வேண்டும். முடிவைப் பார்த்த பிறகு எழுதினால் மனம் கோட்டை நகர்த்திவிடும். ஒரு குறை மட்டும் தீராது. மாத்திரைச் சோதனையில் போலி மாத்திரை கொடுத்து நம்பிக்கையின் பங்கைக் கழிப்பார்கள். சாக்கில் அது நடக்காது. கண்ணைக் கட்டினாலும் பொடி பூசியிருப்பதை விரல் சொல்லிவிடும். பெரிய ஆய்வுகளாலும் இதை எளிதில் தாண்ட முடியாது.

சோதனையைச் செஞ்சிக் கோட்டைப் பாறைகளில் செய்ய வேண்டாம். அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம், அங்கே வெள்ளைக் கறை வைக்கக் கூடாது. படிக்கல் அறுக்கும் பட்டறையில் மிஞ்சிப்போன, மெருகேற்றாத கருங்கல் துண்டு ஒன்று போதும். கை கிழியாமல் விளிம்பை மழுங்கத் தேய்த்து, நாலு விரலின் முதல் கணு முழுதாகப் பதியும் அகலம் விட்டு, இரும்புச் சட்டத்தில் அசையாமல் பொருத்துங்கள். மாணவனின் கால் தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் எழும்ப வேண்டியதில்லை. கீழே ஒரு பழைய மெத்தை. ஒவ்வொரு முறைக்குப் பிறகும் கல்லில் ஒட்டிய பொடியைப் பிரஷ் வைத்துத் துடைத்துவிடுங்கள். இல்லையென்றால் ‘சாக் இல்லாத’ முறையிலும் சாக் இருக்கும்.